கிடாருக்காகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: வயது 29. சேலம் அஸ்தம்பட்டியில் வாடகை வீடு, மனைவி, ஒரு குழந்தை. மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறேன். சனி, ஞாயிறு ஏற்காடு ஓட்டல்களில் வாசிப்பு, வீட்டில் வகுப்பு, அவ்வப்போது சென்னை இசையமைப்பாளர்களுக்கு ரெக்கார்டிங். வைகாசியில் 80,000 ரூபாய் வரும். புரட்டாசியில் 18,000 தேறினாலே பெரிது. வீட்டுச் செலவு 24,000. கையிருப்பு 60,000. மூன்று லட்சம் தனிநபர் கடன் வாங்கி, நல்ல எலக்ட்ரிக் கிடார் எடுத்துக்கொண்டு சென்னைக்கே போய்விடலாமா?

பதில்: கடன் வேண்டாம். 14 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 10,250. வட்டி மட்டும் 69,000 ரூபாய். புரட்டாசியில் ஏற்கெனவே 6,000 துண்டு விழுகிறது. தவணையும் சேர்ந்தால் கிடாரையே விற்க வேண்டிவரும்.

உங்கள் பலம் பல பாணிகளிலும் வாசிக்கத் தெரிந்திருப்பது. ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் அம்மன் கோயில் கச்சேரி உண்டு. மே மாதம் ஏற்காட்டில் கூட்டம், டிசம்பரில் தேவாலயங்கள், ஆண்டிறுதி விருந்துகள். அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சென்னை வருமானம் மட்டுமே தொடர்ந்து ஆறு மாதம் வீட்டுச் செலவையும் அங்கத்திய வாடகையையும் தாங்கட்டும், அப்புறம் குடிபோகலாம். அதுவரை ரயில் இருக்கிறது.

எல்லா வருமானமும் ஒரே கணக்கில் விழட்டும். அதிலிருந்து ஒன்றாம் தேதி 24,000 மட்டும் வீட்டுக் கணக்குக்குப் போகட்டும், வைகாசியானாலும் அதே தொகைதான். மிஞ்சுவதை யுபிஐ இணைக்காத மூன்றாவது கணக்கில் போடுங்கள். அங்கே ஆறு மாதச் செலவான 1,44,000 சேர வேண்டும்; கையிலிருப்பது போக இன்னும் 84,000. இரண்டு நல்ல சீசனில் சேர்ந்துவிடும்.

அதற்கு முன் ஒரே ஒரு செலவுக்குச் சரி சொல்வேன்: 20,000 ரூபாய்க்குள் நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது கிடாரையும் மைக்கையும் கணினியோடு இணைத்துப் பதிவு செய்ய உதவும் கருவி. வீட்டிலிருந்தே தன் வாசிப்பைப் பதிவு செய்து அனுப்புகிறவரிடம் விலையுயர்ந்த ஒரு கிடாரைவிட நைலான் தந்தி, அக்கூஸ்டிக், எலக்ட்ரிக் என மூன்று வகைக் கிடாரிலும் சுத்தமான ஒலியைத்தான் எதிர்பார்ப்பார்கள். எஃபெக்ட் போட்டது ஒன்று, போடாதது ஒன்று என இரண்டு ஃபைல் அனுப்புங்கள். மிக்ஸிங் செய்பவருக்கு வேலை சுலபம், அடுத்த முறையும் உங்களையே கூப்பிடுவார். ஸ்டாஃப் நொட்டேஷனை, அதாவது ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக் குறிப்பை, பார்த்த மாத்திரத்தில் வாசிக்கப் பழகுவதற்குக் காசே தேவையில்லை.

வரி விஷயம். ஒரே நிறுவனம் ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் கொடுத்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள். 80,000 என்றால் 8,000. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. கணக்குத் தாக்கல் செய்தால் அந்த 8,000 திரும்பி வரும். உங்களைப் போன்ற பலர் இதை அப்படியே விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் 26ஏஎஸ் படிவத்தில் பாருங்கள்.

2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துக் கலைஞர்களுக்கும் ராயல்டி உரிமை தருகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பகுதியைப் படியுங்கள். ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் தேதி, பாட்டு, வாசித்த கருவி, தொகை நான்கையும் எழுதி வையுங்கள்.

கடைசியாக, இரவு வாசிப்பு முடித்து ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கில் இறங்குகிறவர் நீங்கள். மணிக்கட்டு முறிந்தால் நான்கு வருமானமும் ஒரே நாளில் நிற்கும். வேலை செய்ய முடியாத வாரங்களுக்குப் பணம் தரும் தனிநபர் விபத்துக் காப்பீட்டை இந்த மாதமே எடுங்கள்.