ஏழு நாள் கடனுக்காகச் சங்கிலியை விற்காதீர்கள்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். கணவர் ரப்பர் பால் வெட்டுகிறார். நான் அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகிறேன். மழையில் பால்வெட்டு நின்றபோது, மகளின் நர்சிங் கல்லூரிக் கட்டணத்துக்குக் கொஞ்சம் பணம் குறைந்தது. போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஓர் ஆப்பில் 6,000 ரூபாய் கடன் கேட்டேன். கைக்கு வந்தது 3,700. ஏழாம் நாளே 6,000 கட்டச் சொன்னார்கள். நீட்டிப்பு, அபராதம் என்று இதுவரை 9,400 கட்டிவிட்டேன். இன்னும் 11,000 வேண்டுமாம். இல்லாவிட்டால் என் படத்தை ஆபாசமாக மாற்றி எல்லோருக்கும் அனுப்புவார்களாம். வீட்டில் யாருக்கும் தெரியாது. தூக்கம் போய்விட்டது. ஒன்றரைப் பவுன் சங்கிலியை விற்றுக் கட்டிவிடலாமா? போதாததற்கு வங்கிக் கணக்கிலும் 436, 20, 149 என்று பிடிக்கிறார்கள். அதை எப்படி நிறுத்துவது?

பதில்: சகோதரி, சங்கிலியை விற்க வேண்டாம். இனி அவர்களுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பவும் வேண்டாம். 3,700 வாங்கி 9,400 கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, உங்களைத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

3,700 ரூபாய்க்கு ஏழு நாளில் 2,300 ரூபாய் என்றால் வாரத்துக்கு 62 சதவீத வட்டி. வங்கியில் நகையை அடகு வைத்தால் ஓராண்டு முழுவதற்கும் சுமார் 10 சதவீதம்தான் வரும். 11,000 கட்டினாலும் இது முடியாது. மிரட்டினால் பணம் வரும் என்று தெரிந்த எண்ணை அவர்கள் விடமாட்டார்கள், அடுத்த வாரம் வேறு பெயரில் அழைப்பார்கள்.

முறையான கடன் எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்து 2025-இல் ஒன்றாகத் தொகுத்த விதிகளின்படி, ஓராண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் செலவாகும் என்பதைக் கடன் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் காட்ட வேண்டும். கட்டணம் என்று சொல்லி முன்கூட்டியே கழித்துக்கொள்வதையும் அதில் சேர்த்தே காட்ட வேண்டும். போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கடன் ஆப் தொடவே கூடாது. உங்கள் ஆப் இரண்டையும் மீறியிருக்கிறது.

இன்று மாலையே கணவரிடமும் மகளிடமும் சொல்லிவிடுங்கள். இதுதான் கடினம், ஆனால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற உங்கள் பயம்தான் அவர்களுடைய மூலதனம். பிறகு வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஒரு வரி அனுப்புங்கள்: “என் போனில் உள்ள எண்களும் படங்களும் திருடப்பட்டிருக்கின்றன. என் பெயரில் தவறான படம் வந்தால் அது போலி. திறக்காமல் எனக்குத் தெரிவியுங்கள்.” மகளிர் குழுத் தலைவியிடமும் அண்டி ஆபீஸ் தோழிகளிடமும் நேரிலேயே சொல்லலாம். முன்பே தெரிந்தவர்களிடம் அந்த மிரட்டல் பலிக்காது.

மிரட்டல் செய்திகள், அழைத்த எண்கள், ஆப்பின் பெயர், பணம் போன யுபிஐ முகவரிகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மகளின் போனுக்கு அனுப்பி வையுங்கள். எடுத்து முடித்த பிறகுதான் ஆப்பை நீக்க வேண்டும். முதலிலேயே நீக்கினால் சாட்சியம் போய்விடும். உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்கு நேரிலும் போகலாம். கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடன் வசூல் என்ற பெயரில் மிரட்டுவதைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2025-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. இரவில் மனம் தாங்காமல் போனால் 14416-ஐ அழையுங்கள். மனநல உதவிக்கான அரசு எண் அது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

வங்கிப் பிடித்தங்களுக்கு வருகிறேன். 436 ரூபாயும் 20 ரூபாயும் ஆண்டுக்கு ஒரு முறை, பெரும்பாலும் மே மாதக் கடைசியில் பிடிக்கப்படும் பிரதமரின் காப்பீட்டுத் திட்டத் தொகைகள். முதலாவது ஆயுள் காப்பீடு, இரண்டாவது விபத்துக் காப்பீடு, இரண்டிலும் இரண்டு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஈரத் தோட்டத்துக்குள் கணவரை அனுப்பும் குடும்பம் இந்த இரண்டையும் நிறுத்தக் கூடாது. கணவர் பெயரில் இருக்கிறதா, வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று வங்கியில் கேளுங்கள். கேட்காமலேயே ஒப்புதல் போட்டிருந்தால் எரிச்சல் வருவது நியாயம்தான், ஆனாலும் தொடருங்கள்.

149 ரூபாய் மாதாமாதம் போகிறதென்றால் ஏதோ ஒரு சந்தாவாக இருக்கும். உங்கள் யுபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ என்ற பகுதியைத் திறந்தால் தெரியும். அங்கேயே ரத்து செய்யலாம். வங்கி தவறாகப் பிடித்ததாகத் தோன்றினால் எழுத்தில் புகார் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கும் கட்டணம் இல்லை.

நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் பால்வெட்டை நிறுத்தத்தான் செய்யும். வெயில் மாதங்களில் வாரம் 200 ரூபாயாவது ஏடிஎம் கார்டோ யுபிஐயோ இல்லாத ஓர் அஞ்சலகக் கணக்கில் போட்டு வையுங்கள். அவசரம் என்றால் முதலில் மகளிர் குழு தன் சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் உள்கடன், அதுவும் போதாவிட்டால் கூட்டுறவுச் சங்கத்தில் இதே சங்கிலியை அடகு வையுங்கள். அடகு வைத்தால் மீட்டுக்கொள்ளலாமே.

மகளின் படிப்புக்கு வங்கிக் கல்விக் கடன் கேளுங்கள். பொதுவாக நான்கு லட்சம் வரை ஈடோ முன்பணமோ கேட்பதில்லை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். உதவி பெறும் பள்ளிகளுக்கு இது 2024 டிசம்பர் இறுதியில்தான் விரிவுபடுத்தப்பட்டது என்பதால், நம் பக்கத்தில் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத பிள்ளைகள் இருக்கலாம். பள்ளிச் சான்றிதழ்களோடு கல்லூரி அலுவலகத்தில் இந்த வாரமே விசாரிக்கச் சொல்லுங்கள்.