‘பாப்பா’ன்னு மட்டும் எழுதியிருக்கீங்க

கேள்வி: அக்கா, எங்க பாப்பாவுக்கு ஏழு வயசு. பிளட் கேன்சர். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில அஞ்சு மாசம் வச்சுப் பாத்தோம், சித்திரையில போயிட்டா. கடைசி ராத்திரி ஐசியூ வாசல்ல நானும் வீட்டம்மாவும் உக்காந்திருந்தப்ப ஒரு அம்மா வந்தாங்க, சாப்ளின்னு சொன்னாங்க, எனக்குத் தெரிஞ்ச சாப்ளின் மீசை வச்ச சினிமாக்காரர்தான். அவங்க ஒண்ணும் பேசல, ஜெபம்கூட பண்ணல, ரெண்டு டீ வாங்கிட்டு வந்து குடுத்துட்டு விடியுற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. இப்ப நாலு மாசம் ஆச்சு, அவங்கள ஒருதடவ போய்ப் பாக்கணும்னு வீட்டுல சொல்றா. எங்கம்மா, “மதம் மாத்தத்தான் பாப்பாங்க, போகக்கூடாது, அடுத்த புள்ளைய பெத்துக்கிட்டா எல்லாம் சரியாயிடும்”ங்கிறாங்க. நான் பதினோராம் நாளே வேலைக்குப் போயிட்டேன், கல்நெஞ்சுக்காரன்னு பேர் வாங்கிட்டேன். சின்னவனுக்கு நாலு வயசு, லைட்ட அணைச்சா கத்துறான், தூங்கவே மாட்டேங்கிறான். என்ன செய்யட்டும்?
— பேர் வேணாம், திண்டுக்கல்

பதில்: தம்பி, கூட்டிட்டுப் போங்க. உங்கம்மா பயத்த நான் கிண்டல் பண்ணல, எழவு வீட்டுல வந்து யாராச்சும் மதம் பேசினா எனக்கும் கோவம் வரும். ஆனா ஆஸ்பத்திரி சாப்ளின்னா நோயாளிக்கும் வீட்டு ஆளுங்களுக்கும் ஆறுதலா கூட இருக்கறவங்க, மதம் மாத்துறது அவங்க வேலை இல்ல. இங்கிலாந்து கவர்மென்ட் ஆஸ்பத்திரிகள்ல 1948ல இருந்தே சம்பளம் போட்டு வச்சிருக்காங்க, இன்னிக்கு அதுல இந்து, முஸ்லிம், ஏன் சாமியே இல்லங்கிறவங்ககூட இருக்காங்க. நம்ம வேலூர் சிஎம்சியிலயும் இதுக்குன்னு தனி டிபார்ட்மென்ட் உண்டு. நோயாளி எந்த சாமிய கும்பிட்டாலும் அதுல கை வைக்காம துணைக்கு இருக்கணும், அதுதான் அந்த வேலைக்கு இலக்கணம். அத மீறி யாராச்சும் பேசினா எழுந்து வந்துடுங்க, அவ்ளோதான். உங்க வீட்டம்மா ஏன் தவிக்கிறாங்கன்னா, அந்த ராத்திரியப் பத்திப் பேச உங்கள விட்டா இருக்கற ஒரே ஆள் அந்த டீ வாங்கிக் குடுத்த அம்மாதான். நீங்களும் வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்க.

இதுல ஒரு பழைய கதை இருக்கு. 1968ல இங்கிலாந்து கோவென்ட்ரியில ஒரே ஆஸ்பத்திரியில ரெண்டு பசங்க சில நாள் இடைவெளியில இறந்துபோனாங்க, ஒருத்தனுக்கு ஆக்சிடென்ட், இன்னொருத்தனுக்கு கேன்சர். அங்க சைமன் ஸ்டீபன்ஸ்னு ஒரு இளவயசு சாப்ளின். அந்த ரெண்டு குடும்பமும் ஒண்ணா உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே புள்ளைங்களப் பத்திப் பேசி அழுதப்ப கிடைச்ச ஆறுதல், தான் என்ன பேசினாலும் தர முடியாததுன்னு அவருக்குப் புரிஞ்சுது. அதுலருந்து 1969ல பொறந்ததுதான் ‘தி கம்பாஷனேட் ஃபிரண்ட்ஸ்’. புள்ளைய பறிகொடுத்தவங்களே புள்ளைய பறிகொடுத்தவங்களுக்கு. இப்ப பல நாட்டுல இருக்கு, டிசம்பர் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு அங்கங்க மெழுகுவத்தி ஏத்துறாங்க. உங்களுக்குச் சங்கமெல்லாம் வேணாம், அந்த வார்டுல பழகின இன்னொரு குடும்பம் கண்டிப்பா இருக்கும்ல, போன் நம்பர்கூட இருக்கும், ஒரு போன் போடுங்க.

நம்ம ஊர்ல ஒரு பெரியவர் போனா ஒப்பாரி, காரியம், பதினாறு, திவசம்னு அழுது தீக்க வழி வச்சிருக்கோம். சின்னப் புள்ளைன்னா பல வீட்டுல அவசர அவசரமா புதைச்சுட்டு வந்து, பெத்தவளுக்கு “அழுவாதடி”ன்னு சொல்லிட்டு, துணிமணிய மூட்டை கட்டி பரண்ல போட்டுடறாங்க. எல்லாம் பாசத்துலதான், ஆனா அவ எங்க போய் அழுவா சொல்லுங்க? அடுத்த புள்ளைங்கிற பேச்ச உங்கம்மாகிட்ட நீங்கதான் நிறுத்தணும், உங்க வீட்டம்மா இல்ல.

நீங்க கல்நெஞ்சுக்காரர் இல்ல. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட்னு துக்கத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ற ரெண்டு பேர் 1999லயே எழுதிட்டாங்க, துக்கத்துல இருக்கறவங்க அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடிக்கிட்டேதான் இருப்பாங்க, கொஞ்ச நேரம் அழுகை, கொஞ்ச நேரம் அன்னாட வேலை, ரெண்டும் வேணும்னு. நீங்க வேலை பக்கம் நிக்கிறீங்க, அவ அழுகை பக்கம் நிக்கிறா. பைக்க ஓரமா நிறுத்திட்டு எங்கயாச்சும் தனியா அழுதிருப்பீங்கல்ல, அத அவகிட்ட சொல்லுங்க.

சின்னவன்கிட்ட “அக்கா தூங்குறா”ன்னு சொல்லி வச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன். தூங்கினவ திரும்பி வரல, அப்போ அவன் எப்படித் தூங்குவான்? செத்துப்போயிட்டான்னே சொல்லுங்க. உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு, இனிமே வலிக்காது, பசிக்காது, திரும்பி வரமாட்டா, நீ எதுவும் பண்ணினதால இல்ல, தூங்குறது வேற இது வேறன்னு. திரும்பத் திரும்பக் கேப்பான், அந்த வயசுல சாவுன்னா நிரந்தரம்னு புரியாது, சலிக்காம சொல்லுங்க. கொஞ்ச நாளைக்கு லைட் எரியட்டும், கரன்ட் பில்லு என்ன பெரிய பில்லு.

நாலு மாசத்துல அழறது வியாதி இல்ல. ஆனா சாப்பாடு, தூக்கம் ரெண்டும் சுத்தமா இல்ல, “நானும் அவகிட்ட போயிடறேன்”னு பேச்சு வருதுன்னா அன்னிக்கே 14416க்கு அடிங்க, டெலி மானஸ்னு கவர்மென்டோட மனநல ஹெல்ப்லைன், காசு இல்ல, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். டாக்டரையும் பாத்துடுங்க.

இன்னொண்ணு. லெட்டர்ல ‘பாப்பா’ன்னு மட்டும்தான் இருக்கு, ரெண்டு தடவ படிச்சும் அவ பேர் எங்கயும் இல்ல. வீட்டுலயும் அப்படித்தானா? எனக்கு அடுத்த தடவ எழுதறப்ப பேரையும் எழுதுங்க.

கேள்வி: பக்கத்து வீட்டுல மூணு மாசக் குழந்தை தவறிடுச்சுக்கா. என்ன பேசறதுன்னு தெரியாம ரெண்டு வாரமா கதவ சாத்திக்கிட்டு இருக்கேன்.
— ஒரு வாசகி, மதுரை

பதில்: இன்னிக்கே போங்க. “நல்லவேளை சின்னதுலயே போச்சு”, “விதி”, “கடவுள் கூப்பிட்டுக்கிட்டார்” இது மூணும் வாயில வரவே கூடாது. ஒரு டிபன் கேரியர்ல ரசம் சாதம் எடுத்துட்டுப் போங்க, பாத்திரத்த உடனே திருப்பிக் கேக்காதீங்க. அப்புறம் யாரும் பேசாத ஒரு விஷயம், குழந்தை போனாலும் பால் உடனே நிக்காது, மாரு கட்டிக்கிட்டு ஜுரம்கூட வரலாம், வெளிய சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு அந்தப் பொண்ணு நைட்டி நனைய உள்ள உக்காந்திருக்கும். ஆம்பளைங்களுக்கு இது தோணாது. நீங்க மெதுவா கேளுங்க, லேடி டாக்டர்கிட்ட நீங்களே ஆட்டோ புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க.