'டைடி அப்' என்றால் சுத்தம் செய்வதா, ஒதுங்க வைப்பதா?

ஆங்கிலத்தில் 'டைடி அப்' (tidy up) என்பதும் 'க்ளீன் அப்' (clean up) என்பதும் ஒன்றுதானா, அன்றாடப் பேச்சில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல. அழுக்கை நீக்குவது 'க்ளீன்'. கலைந்து கிடப்பதை அதனதன் இடத்தில் வைப்பது 'டைடி'. மேசையில் விரிந்து கிடக்கும் புத்தகங்களை மூடி அடுக்கி, பேனாக்களைக் குவளையில் போட்டு, சார்ஜர் ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டால் மேசை 'டைடி' ஆகிவிடும். அதன்மேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி படிந்திருந்தாலும் அந்தச் சொல் பொருந்தவே செய்யும். பேச்சுவழக்கில் 'ஒதுங்க வைப்பது' என்கிறோமே, அதுதான் இதற்கு மிக நெருக்கமானது.

இங்கே 'அப்' என்பதற்கு 'மேலே' என்ற பொருள் இல்லை. 'சாப்பிடு' என்பதற்கும் 'சாப்பிட்டுவிடு' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். வேலையை மிச்சம் வைக்காமல் முடிப்பதை நம் 'விடு' உணர்த்துவதைப் போலவே, 'ஈட் அப்', 'டைடி அப்' போன்றவற்றில் 'அப்' உணர்த்துகிறது. 'டைடி அப் த ரூம்', 'டைடி த ரூம் அப்' இரண்டும் சரி. ஆனால் அறையை 'இட்' என்று சுட்டும்போது அது நடுவில்தான் வர வேண்டும்: 'டைடி இட் அப்'.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் அறிக்கையை 'டைடி அப்' செய்து தரும்படி மேலாளர் கேட்க, நான் இரவெல்லாம் விழித்திருந்து அதில் பாதியை மாற்றி எழுதிக்கொண்டு போனேன். அவர் கேட்டதோ எழுத்துப்பிழைகளை நீக்கி, தலைப்புகளை ஒரே அளவாக்கி, கோணலாக நின்ற ஓர் அட்டவணையை நேராக்குவதை மட்டுமே. எழுத்தைப் பற்றிச் சொல்லும்போது, சரக்கில் கைவைக்காமல் மேற்பூச்சைச் சீராக்குவது என்பதே இதன் பொருள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இது பிரிட்டிஷ் பேச்சில் அதிகம் புழங்குகிறது. அமெரிக்கர்கள் இதே இடத்தில் 'பிக் அப்' என்பார்கள், 'க்ளீன் அப்' என்றும் சொல்லிவிடுவார்கள். ஆகவே முதலில் நான் சொன்ன வேறுபாடு அவர்கள் பேச்சில் சற்றுத் தளரும். இடத்தைக் குறிக்காமல், பொம்மை, துணி போன்ற பொருள்களை எடுத்து வைப்பதைச் சொல்ல வேண்டுமானால் 'டைடி அவே' என்பது இன்னும் பொருத்தமாக இருக்கும்.