பெட்டியைப் பிரித்துப் பார்த்து ஊருக்கு அனுப்பும்

தம்பி,

லண்டனில் கிடைத்த முதற் சம்பளத்தில், யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கைக்கு ஈபேயில் ஐபோன் வாங்கியிருக்கிறீர். விளம்பரத்தில் ‘புதியது’ என்று இருந்தது. வந்த பெட்டியிலோ முத்திரைத்தாள் ஏற்கெனவே கிழிந்திருந்தது. விற்ற கடைக்காரர் “திறந்து பார்த்தோம், பாவிக்கவில்லை, ஆகவே புதியதுதான்” என்கிறார். ஏற்பதா, திருப்புவதா என்று கேட்டிருக்கிறீர். திருப்பி அனுப்பும்.

ஊரில் ‘பதிவு செய்யாத கார்’ என்று விற்பதை நீர் பார்த்திருப்பீர். ஜப்பானில் யாரோ ஓட்டியதுதான். இலங்கை இலக்கத்தகடு ஏறாதபடியால் நமக்கு அது புது வாகனம். இணையச் சந்தையும் அப்படித்தான். ‘புதியது’ என்பதற்கு ஒவ்வொரு தளமும் தன் விதியில் ஒரு பொருள் எழுதி வைத்திருக்கிறது; விற்பவர் வாயால் சொல்லும் பொருள் அங்கே செல்லாது. ஈபேயின் விதிப்படி புதியது என்றால் பாவிக்காதது, திறக்காதது, சேதமில்லாதது, தன் மூலப் பெட்டியில் இருப்பது. பாவிக்காமல் திறந்து மட்டும் பார்த்ததற்கு அங்கே தனி வகை உண்டு. உம்முடைய கடைக்காரர் அந்த வகையில் போட்டிருந்தால் விலையைக் குறைத்திருக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும்.

ஆனால் பெட்டியை மட்டும் வைத்து எல்லாவற்றையும் தீர்மானிக்கவும் முடியாது. உற்பத்தியாளரே அச்சில்லாத மண்ணிறப் பெட்டியில் அடைத்து அனுப்பும் உதிரிப்பாகத்தையும் ஈபே புதியது என்றே ஏற்கிறது. சப்பாத்து போன்ற பொருட்கள் வேறு பெட்டிக்கு மாற்றப்பட்டிருந்தாலும் அமேசன் அவற்றைப் புதியது என்று விற்க விடுகிறது. ஐபோனில் பிளாஸ்டிக் உறை இல்லையென்று பதறுகிறவர்களும் உண்டு. 2021இல் வந்த ஐபோன் 13 தொடக்கம் அப்பிள் அந்த உறையைக் கைவிட்டு, கிழித்துத் திறக்கும் தாள்பட்டையை ஒட்டுகிறது. மறுபக்கம், பிளாஸ்டிக் உறையைச் சூடுகாட்டித் திரும்பச் சுற்றுவது ஒரு பெரிய வித்தையும் அல்ல.

அதனால் கண்ணைவிட இலக்கத்தை நம்பும். பெட்டியின் அடியில் தொடரிலக்கம் இருக்கும். அதை அப்பிளின் உத்தரவாதம் பார்க்கும் பக்கத்தில் இட்டால், கைபேசி இன்னும் இயக்கப்படவில்லையா, அல்லது யாரோ தொடக்கி உத்தரவாதம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று தெரியும். மாதிரி (மொடல்) இலக்கத்தின் முதல் எழுத்தும் கதை சொல்லும்: M என்றால் கடைக்கு வந்த புதியது, F என்றால் புதுப்பித்தது, N என்றால் பழுதுக்கு மாற்றாகக் கொடுத்தது. கைபேசிக்குள்ளே இருக்கும் இலக்கம் பெட்டியின் இலக்கத்தோடு பொருந்துகிறதா என்றும் பாரும்.

புதுப்பித்ததை நான் குறை சொல்லவில்லை. அப்பிளே புதுப்பித்து விற்கும் ஐபோனில் மின்கலமும் வெளிக்கூடும் புதியவை. ஓராண்டு உத்தரவாதமும் உண்டு. உமது பாவனைக்கு அதுவே போதும். புதியதன் விலையைக் கொடுத்துவிட்டு அதைப் பெறுவதுதான் கூடாது.

இனி யார் விற்கிறார் என்பது. பிரித்தானியாவில் வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால், பொருள் கையில் கிடைத்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னதுபோல் இல்லாவிட்டாலோ பழுதாக இருந்தாலோ, 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பி முழுப்பணத்தையும் கேட்கலாம். “பரிசாக வந்தது, வேண்டாம்” என்று விற்கும் தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி இல்லை. பொருள் அவர் விவரித்தபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இந்த நாட்கணக்கில்தான். ஊருக்குக் கொடுக்கும் பொருள் பெட்டி பிரியாமல் போனால்தான் மதிப்பு என்று நினைக்கிறோம். பிரித்த பெட்டியைக் கண்டால் “பாவித்ததையா அனுப்பினான்” என்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மாமி கேட்டுவிடுவார் என்ற பயம். அதனால் வைகாசியில் வாங்கி அலுமாரியில் வைத்து, நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிற யாரோ ஒருவரின் பயணப்பெட்டியில் ஆவணியில் கொடுத்துவிடுகிறோம். அங்கே திறந்தால் ஒலிபெருக்கி கரகரக்கிறது. 14 நாளும் போயிற்று, 30 நாளும் போயிற்று. அதற்குப் பிறகும் சட்டம் கைவிடுவதில்லை. ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுது விற்றபோதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். ஆனால் திருத்தவோ மாற்றவோ கைபேசி லண்டனுக்குத் திரும்ப வேண்டும். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக் கடைக்காரரிடம் இங்கிலாந்துச் சட்டத்தைக் காட்டி என்ன பயன்? ஐபோனுக்கான உத்தரவாதச் சேவையை அது முதலில் விற்கப்பட்ட நாட்டோடு மட்டுப்படுத்தலாம் என்று அப்பிளும் தன் நிபந்தனையில் எழுதியிருக்கிறது.

ஆகவே அடுத்த கைபேசி வந்த அன்றே திறந்து, சார்ஜ் ஏற்றி, ஒலி, கமரா, சிம் எல்லாம் பாரும். அன்றே அப்பிளின் பதிவில் உத்தரவாதம் ஓடத் தொடங்கும். இரண்டு மூன்று மாதம் குறையட்டும், பரவாயில்லை. உமது அப்பிள் கணக்கை மட்டும் அதில் ஏற்றிவிடாதீர். பாவித்த கைபேசி எடுக்கும் எண்ணம் வந்தால் இன்னொன்று: 2021 டிசெம்பர் முதல் இங்குள்ள தொலைபேசி நிறுவனங்கள் தம் வலையமைப்புக்குப் பூட்டிய கைபேசிகளை விற்க முடியாது, ஆனால் அதற்கு முன் விற்றவை இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. அப்படியொன்றில் இலங்கையின் டயலொக் சிம் வேலை செய்யாது.

இப்போதைய கைபேசிக்கு வருவோம். முத்திரை, தொடரிலக்கம், விளம்பரப் பக்கம் மூன்றையும் படமெடுத்து வையும். திருப்பும்போது காரணத்தில் ‘மனம் மாறியது’ என்பதைத் தெரிவு செய்யாதீர்; தபாற்செலவு உம் தலையில் விழக்கூடும். ‘விவரித்தபடி இல்லை’ என்று போடும், அந்தச் செலவு விற்றவருடையது. அவர் வாட்ஸ்அப்புக்கு வரச்சொல்லி 20 பவுண் கழித்துத் தருகிறேன் என்பார். போகாதீர், தளத்தின் செய்திப்பெட்டியிலேயே பதில் எழுதும்.