பதில்: எத்தனாலும் அடர் கந்தக அமிலமும், நிறமிழந்த பெர்மாங்கனேட்டும்

எத்தனாலை அடர் கந்தக அமிலத்துடன் 170 டிகிரி செல்சியசில் சூடாக்கியபோது கலவை கறுத்தது என்றும், வெளிவந்த வாயு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை நிறமிழக்கச் செய்தும் அதை எத்தீனுக்குச் சான்றாக உங்கள் ஆசிரியர் ஏற்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியர் சொன்னது சரியே.

அடர் கந்தக அமிலம் எத்தனாலிலிருந்து நீரை நீக்கி எத்தீன் வாயுவைத் தருவதோடு நிற்பதில்லை; சூடான நிலையில் அது வலுவான ஆக்சிஜனேற்றியும் ஆகும். எத்தனாலின் ஒரு பகுதியை அது கரியாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாற்றி, தான் கந்தக டைஆக்சைடாக ஒடுங்குகிறது. நீங்கள் கண்ட கறுப்பு அந்தக் கரிதான். கந்தக டைஆக்சைடு ஓர் ஒடுக்கி என்பதால் பெர்மாங்கனேட்டையும் புரோமின் நீரையும் அதுவே நிறமிழக்கச் செய்துவிடும். எத்தீனும் அவ்வாறே செய்யும் என்பதால், உங்கள் சோதனையால் எத்தீனையும் கந்தக டைஆக்சைடையும் பிரித்தறிய இயலாது. வாயுவை முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வழியே செலுத்தினால் இரண்டு ஆக்சைடுகளும் அங்கே தங்கிவிடும்; அதன் பிறகும் நிறம் மறைந்தால் அது எத்தீனால்தான் என்று துணிந்து கூறலாம். குழாய் வழியே காரம் சூடான அமிலத்துக்குள் பின்னிழுக்கப்படுவது மிக ஆபத்தானது. ஆகவே இடையில் ஒரு வெற்றுக் குடுவையை வைத்து, ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். எத்தனால் மிகுதியாக இருந்து, வெப்பம் 140 டிகிரியை ஒட்டி நின்றால், புரோட்டானேற்றம் பெற்ற (அமிலத்திடமிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியை ஏற்ற) ஓர் எத்தனால் மூலக்கூறை இன்னொரு எத்தனால் மூலக்கூறு தாக்கி டைஎத்தில் ஈதரைத் தரும். அது எளிதில் தீப்பற்றும். கந்தக அமிலத்துக்குப் பதிலாக அடர் பாஸ்பாரிக் அமிலத்தைப் பயன்படுத்தினால் கரியும் கந்தக டைஆக்சைடும் தொல்லை தருவதில்லை என்பதால், நான் அதையே பரிந்துரைப்பேன்.