கேள்வி – பதில்: யூத வெறுப்பும் அமெரிக்க மாநிலச் சட்டங்களும்

கேள்வி: அமெரிக்க மாநிலங்கள் சில, யூத வெறுப்பு என்றால் என்னவென்று சட்டத்திலேயே வரையறுத்துள்ளனவாமே? இஸ்ரேல் அரசைக் கண்டித்துப் பேசினாலே புகார் கொடுக்கலாமா?

பதில்: கொடுத்தாலும் நிற்காது. வேலை மறுப்பு, வீடு வாடகைக்குத் தர மறுப்பு, படிக்கவிடாத அளவுக்குத் தொடர் துன்புறுத்தல் என்று ஏதாவது நடந்திருக்க வேண்டும். அதன் பின்னால் யூத வெறுப்பு இருந்ததா என்று பார்க்கத்தான் வரையறை. ஜார்ஜியாவின் 2024ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோக்கத்தை ஆராயும் அதிகாரிகள் சர்வதேச ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) நினைவுக் கூட்டணி 2016இல் ஏற்ற வரையறையைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஃபுளோரிடாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி, கல்லூரிகளுக்கானது. யூத வெறுப்பால் நடக்கும் பாகுபாட்டை இனப் பாகுபாட்டைப் போலவே கருதி நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. இரண்டுமே பேச்சுரிமைக்குக் குந்தகம் கூடாது என்கின்றன.

2016 வரையறையின் முதல் வாக்கியம் தளர்வானது என்ற குறை நியாயமானதே. உடனிருக்கும் 11 எடுத்துக்காட்டுகளைப் படித்தால்தான் பிடிபடும். மற்ற நாடுகளை விமர்சிப்பதுபோல் இஸ்ரேலை விமர்சிப்பது யூத வெறுப்பாகாது என்றும் அதிலேயே இருக்கிறது. 'போரை நிறுத்து' என்று சுவரொட்டி ஒட்டுவது விமர்சனம். 'உங்கள் நாடு செய்வதற்கு நீதான் பொறுப்பு' என்று சொல்லி யூத மாணவரை ஆய்வகக் குழுவிலிருந்து நீக்கினால் அது பாகுபாடு. இஸ்ரேலின் செயலுக்கு யூதர்கள் எல்லோரையும் பொறுப்பாக்குவது அந்த 11இல் ஒன்று.

கேள்வி: நியூயார்க்கில் ஒரு யூத ஊழியர், யூதர்களின் மத ஓய்வு நாளான சனிக்கிழமை வேலை செய்வதில்லை என்பதைக் கேலி செய்து, பதவி உயர்வையும் மறுத்தால்?

பதில்: இதற்கு அந்த வரையறையே தேவையில்லை. மத நம்பிக்கை, இனம் இரண்டையும் மாநில மனித உரிமைச் சட்டம் காக்கிறது. நிறுவனம் எவ்வளவு சிறியதானாலும் பொருந்தும். 2024 பிப்ரவரி 15 முதல் நடந்தவற்றுக்கு, மாநில மனித உரிமைப் பிரிவில் புகார் செய்ய 3 ஆண்டு அவகாசம். கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்குப் போவதானால் நிறுவனத்தில் 15 ஊழியராவது இருக்க வேண்டும்; அங்கே கெடு 300 நாள்தான். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அலுவலக மனிதவளப் பிரிவில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தாலும் அந்தக் கெடு நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்று: மாநிலப் பிரிவில் புகார் கொடுத்தால், அதே மாநிலச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் போகும் வழி பெரும்பாலும் அடைபடும். எனவே முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

புகாரில் 'என்னை வெறுக்கிறார்கள்' என்று எழுதினால் போதாது. யார், எந்தத் தேதியில், எந்தச் சொற்களில் பேசினார், யார் கேட்டார்கள், பதவி யாருக்குப் போனது, அவருடைய தகுதி என்ன என்று எழுதுங்கள். குறுஞ்செய்திகளைத் தேதி தெரியும்படி படமெடுத்து, அலுவலகக் கணினியில் அல்லாமல் சொந்தக் கைபேசியில் வையுங்கள்.