பீட்டா குளோபினில் ஸ்டாப் கோடான் முன்னாலேயே வந்தும் எம்ஆர்என்ஏ குறையவில்லையே, ஏன்?

கேள்வியின் சுருக்கம்: கடலூரில் ஒரு தலசீமியா கேரியரிடம் (ஜீனின் இரண்டு பிரதியில் ஒன்று மட்டும் கெட்டவர்) எடுத்த இரத்தம், புதுச்சேரி லேபில் ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கிப் பெருக்கும் சோதனை). ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியான பீட்டா குளோபினில் 15-ஆம் கோடான் (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து) டிஜிஜி-யிலிருந்து, புரதத்தை அங்கேயே நிறுத்தும் ஸ்டாப்பான டிஏஜி ஆகியிருக்கிறது. அப்படி முன்னாலேயே ஸ்டாப் வந்த எம்ஆர்என்ஏவை (ஜீனின் செய்தி நகல்) செல் பொதுவாக அழித்துவிடும், ஆகவே அது சிதைந்திருக்க வேண்டும். ஆனால் சீக்வென்சிங்கில் சாதாரணப் பிரதி, கெட்ட பிரதி இரண்டின் பீக்கும் ஏறக்குறைய சமம். எங்கே தப்பு?

தப்பே இல்லாமலும் இருக்கலாம். 15-ஆம் கோடான் அப்படிப்பட்டதுதான். எம்ஆர்என்ஏ நிற்குமா சிதையுமா என்பது ஸ்டாப் எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தது.

இன்ட்ரான்களை வெட்டியெறிந்து எக்ஸான்களை ஒட்டும் ஸ்பிளைசிங் முடிந்ததும் ஒவ்வொரு எக்ஸான் இணைப்புக்கும் 20–24 பேஸ் முன்னால் ஈஜேசி என்ற புரதக் கூட்டம் உட்கார்ந்துவிடும். முதல் சுற்று ஓடும் ரைபோசோம் வழியில் உள்ளதையெல்லாம் தள்ளிவிட்டுப் போகும். கடைசி இணைப்புக்கு 50–55 பேஸுக்கு மேல் முன்னாலேயே ஸ்டாப் வந்தால், ரைபோசோம் அங்கேயே நின்றுவிடும். அதற்கு அப்பால் ஒரு ஈஜேசியாவது மிச்சமிருக்கும். நின்ற ரைபோசோமில், முடித்துவைக்கும் புரதங்களான இஆர்எஃப்1, இஆர்எஃப்3-உடன் சேரும் யுபிஎஃப்1, ஈஜேசியில் இருக்கும் யுபிஎஃப்2, யுபிஎஃப்3பி-யோடு கைகோக்கும். எஸ்எம்ஜி1 யுபிஎஃப்1-க்குப் பாஸ்பேட் ஏற்றும். பிறகு எஸ்எம்ஜி6 ஸ்டாப் பக்கத்திலேயே வெட்டும், எஸ்எம்ஜி5-உம் 7-உம் பாலி-ஏ வாலையும் தொப்பியையும் கழற்ற ஏற்பாடு செய்யும், மீதியை எக்ஸ்ஆர்என்1 தின்றுவிடும். இதுதான் என்எம்டி, அதாவது முன்னாலேயே ஸ்டாப் வந்த எம்ஆர்என்ஏவைச் செல் அழிக்கும் முறை. பெரும்பாலும் வழக்கமான அளவில் 5–25 சதவீதம் மிஞ்சும்.

பீட்டா குளோபினில் மூன்று எக்ஸான். கடைசி இணைப்பு 104-ஆம் கோடானுக்குப் பின். அந்த 50–55 பேஸுக்கு 18 கோடான் கழித்தால் எல்லை ஏறத்தாழ 86. மத்தியதரைக் கடல் நாடுகளில் அதிகம் காணப்படும் 39-ஆம் கோடான் ஸ்டாப் இதற்குள் வருகிறது: எம்ஆர்என்ஏ சிதைகிறது, கேரியர் நலமாக இருக்கிறார். மூன்றாம் எக்ஸானில் 121-இல் ஸ்டாப் வந்தால் என்எம்டி தொடாது. பாதியில் முடிந்த நீளமான சங்கிலி உருவாகி செல்லுக்குள் படிந்து, ஒரே ஒரு பிரதி கெட்டாலும் நோய் வெளிப்படும்.

உங்கள் 15 கணக்குப்படி எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அது தொடக்கக் கோடானான ஏயுஜி-க்கு ரொம்ப அருகில் இருக்கிறது. மொழிபெயர்ப்பின்போது எம்ஆர்என்ஏ வளைந்து நிற்பதால், பாலி-ஏ வாலில் ஒட்டிய பிஏபிபிசி1 புரதம் தொடக்கப் பகுதிக்குப் பக்கத்திலேயே இருக்கும். யுபிஎஃப்1-க்கு முன் அது இஆர்எஃப்3-ஐப் பிடித்துக்கொள்ள, முடிவு வழக்கமான முடிவாகவே நடந்துவிடுகிறது. எம்ஆர்என்ஏ தப்பிக்கிறது, புரதம் தப்பிக்கவில்லை, 14 அமினோ அமிலத் துண்டுதான் வரும். அதனால் இது பீட்டா-சீரோவேதான் (அந்தப் பிரதியிலிருந்து பீட்டா குளோபினே வராத வகை). எம்ஆர்என்ஏ நிறைய இருக்கிறதே என்று "லேசான வகை" என ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள்.

இதற்காக லேபை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். சமமான பீக்குக்கு இன்னொரு காரணம் ஜீனோமிக் டிஎன்ஏ கலப்பு. அதில் எப்போதும் பாதிக்குப் பாதிதான். முன் பிரைமரை முதல் எக்ஸானின் தொடக்கத்திலும் பின் பிரைமரை இரண்டாம் எக்ஸானிலும் வையுங்கள். முதல் இன்ட்ரான் 130 பேஸ், ஆகவே கலப்பு இருந்தால் ஜெல்லில் அந்த அளவு பெரிய பட்டை தனியே தெரியும். ஆர்டி என்சைம் சேர்க்காத குழாய் ஒன்றும் கட்டாயம். டிஎன்ஏ-வில் இரண்டு பிரதியும் பாதிக்குப் பாதி இருந்தாலும் ஜி, ஏ பீக் உயரங்கள் அப்படியே சமமாக இருக்காது. அதே நபரின் டிஎன்ஏ-வில் வரும் விகிதத்தால் சிடிஎன்ஏ (ஆர்என்ஏவிலிருந்து செய்த டிஎன்ஏ) விகிதத்தை வகுத்துத்தான் பேச வேண்டும்.

கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான், ஆனால் மே மாத வெயிலில் அதுவே போதும். ஆர்என்ஏ சிதையாமல் இரத்தம் எடுக்க உதவும் பாக்ஸ்ஜீன் குழாய் 3 நாள் தாங்கும் என்பது 18–25 டிகிரிக்குத்தான். நம் ஊர் "அறை வெப்பநிலை" அதற்குள் வராது. 2.5 மில்லி எடுத்ததும் 8–10 முறை கவிழ்த்து நிமிர்த்தி, நிற்கவைத்தே கொண்டுவாருங்கள். ஆர்என்ஏ கொஞ்சம் சிதைந்தாலும் இரண்டு அல்லீலும் (ஜீன் பிரதியும்) சேர்ந்தே சிதையும். அதனால்தான் கியூபிசிஆர் தரும் எம்ஆர்என்ஏ அளவைவிட அல்லீல் விகிதத்தை நம்பலாம்.

மொழிபெயர்ப்பை நிறுத்தி என்எம்டியையும் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு (100 மைக்ரோகிராம்/மில்லி, 4–6 மணி நேரம்) போட்டு எம்ஆர்என்ஏ ஏறுகிறதா என்று பார்ப்பது மற்ற ஜீன்களுக்கு நல்ல சோதனை. இங்கே லிம்போசைட்டில் போட்டால் பயனில்லை, அந்தச் செல்லில் பீட்டா குளோபின் உருவாவதே இல்லை. லேபில் வளர்க்கும் மனிதச் செல்லான ஹீலா செல்லில் ஜீனை ஏற்றி 39, 15, சாதாரண வடிவம் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஏற்றுவது இன்ட்ரானோடு கூடிய ஜீனாக இருக்கட்டும். சிடிஎன்ஏ குளோனில் ஸ்பிளைசிங் கிடையாது, ஈஜேசி உட்காராது, 39-கூடக் குறையாது.